இடது பக்கம் எறிந்த கணவாய்கள்

இன்று காலை பாத்திமா வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் அனுப்பினாள். உங்கள் ஊர்ப் பொங்கல் விளையாட்டு விழா. மேலே கரும்பு, பானை, நன்கொடை கொடுத்தவர்களின் முகங்கள். நான் நேராகக் கீழே இறங்கிப் பெண்களுக்கான போட்டிகளைப் பார்த்தேன். கோலம். இசை நாற்காலி. அதற்கடுத்த வரி: கணவாய்த் தூண்டில், இதுவரை தூண்டில் பிடிக்காதவர்களுக்கு மட்டும்.

கம்பெனி வாசலில் நின்றபடியே சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஏதோ பாட்டன் காலத்திலிருந்து நடந்துவருவது மாதிரி, இசை நாற்காலிக்கும் கயிறு இழுப்பதற்கும் நடுவில் அதைச் சாதாரணமாக அச்சடித்திருக்கிறார்கள். இதற்காக நீ யார் யாரிடம் ஏச்சு வாங்கினாய் என்பது அந்தத் தாளில் இல்லை. உன் பெயர் ஏதாவது மூலையில் இருக்கிறதா என்று விரலால் பெரிதாக்கித் தேடினேன். பந்தல் போடுகிறவர் இருக்கிறார், டீசல் பங்க்காரர் இருக்கிறார், நீ இல்லை. ஆத்திரமாக வந்தது. சிரிப்பும் அடங்கவில்லை. உன்னை நினைத்தால் எனக்கு இரண்டும் சேர்ந்துதான் வரும். சாயங்காலம் அறைக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஜெகதாப்பட்டினத்துக்கு வந்த முதல் நாள் உனக்கு நினைவிருக்கும். கந்தர்வக்கோட்டைப் பக்கத்து முந்திரிக்காட்டிலிருந்து, பி.காம் சான்றிதழை லேமினேஷன் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு, மீன் கம்பெனியில் அலுவலக வேலை என்று நம்பி வந்தவள் நான். வந்த அன்றைக்கே ரப்பர் பூட்ஸைக் கொடுத்து ஐஸ் தண்ணீரில் நிறுத்தினார்கள். அலுவலக நாற்காலியில் முதலாளியின் மச்சினன் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றபோது பக்கத்து மேசையிலிருந்து நீ எட்டிப் பார்த்தாய்.

"எந்த ஊரு?"

"கந்தர்வக்கோட்ட."

"அங்க என்ன வெளையும்?"

"முந்திரி."

"அப்ப நீ முந்திரி. மொறைச்சது போதும், கைய நீட்டு."

என் உள்ளங்கையில் ஓர் ஊசிக் கணவாயை வைத்தாய். பெரியது என்றால் முன்னால் உள்ள டிரே. நடுத்தரம் என்றால் வலது பக்கம். பொடி என்றால் இடது தோளுக்குப் பின்னால். திரும்பிப் பார்த்து எறிந்தால் நேரம் போகும், சூப்பர்வைசர் கத்துவான். ஒரே மாதத்தில் என் கையும் பழகிவிட்டது. எடு, கனம் பார், எறி. பொடி கையில் விழுந்ததும் கை தானாக இடது தோளுக்கு மேல் போகும். நாள் முழுவதும் அதே வேலை. தூக்கத்தில்கூட என் கை அப்படித் தூக்கிப் போடுகிறது என்று அறையில் கூட இருந்த பெண் புகார் செய்தாள். பெரியது கப்பலேறிப் போகும், நடுத்தரம் கேரளாவுக்குப் போகும், பொடியும் கால் அறுந்தவையும் நம் குழம்புக்கு வரும்.

அந்தக் கொட்டகையில் நின்ற பெண்களில் ஒருத்திகூட உயிருள்ள கணவாயைக் கடலில் பார்த்ததில்லை. உங்கள் ஊர் வழக்கம் அப்படி. படகில் பெண் கால் பட்டால் வலை காலியாக வரும். வலையைப் பின்னலாம், மீனைச் சுமக்கலாம், அரியலாம், விற்கலாம், விற்றுவந்து டீசல் கேனையும் தூக்கிக்கொண்டு போய்க் கரையில் வைக்கலாம். ஏற மட்டும் கூடாது. இதை நீ முதன்முதலில் சொன்னபோது எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் சொல்லித் திட்டினேன். நீ தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டாய்.

"திட்டி முடிச்சிட்டியா? முடிச்சா சொல்லு. எப்புடி ஏறுறதுன்னு யோசிப்போம்."

ஏறுவதற்கு உன்னிடம் ஒரு படகும் இருந்தது. உன் அண்ணன் வளைகுடாவுக்குப் போன பிறகு கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த சின்னப் பைபர் படகு. உன் அப்பாவுக்கு முழங்கால் தேய்ந்துபோய்விட்டது. பொங்கல் முடிந்ததும் அதைக் கட்டுமாவடிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாகப் பேசி வைத்திருந்தார். அன்று நான் உங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீ இட்லியைப் பிட்டபடி, பக்கத்து வீட்டில் சீனி கேட்பது மாதிரி கேட்டாய்.

"படக விக்காதீங்கப்பா. நான் ஓட்டுறேன்."

அவர் சிரிக்கக்கூட இல்லை.

"செத்த கணவாய எடை பாக்கத் தெரிஞ்சவளுக்குப் படகு எதுக்கு? உசுரோட பத்துக் கணவாய ஒங் கையால புடிச்சு இந்தக் கரையில போடு. அப்பறம் பேசுவோம்."

அவர் பேச்சை முடிப்பதற்காகத்தான் அதைச் சொன்னார். எனக்கே அது புரிந்தது. நீயோ பாதி இட்லியோடு எழுந்து போய்க் கை கழுவினாய். என்னைக் கொல்லைக்கு இழுத்துப்போய், "பத்துன்னு சொல்லிட்டாருடி! நம்பர் சொல்லிட்டாரு!" என்று குதித்தாய். அதற்கு முன்பெல்லாம் அவர் 'முடியாது' என்று மட்டும்தான் சொல்வாராம். மீன் ஏலத்தில் ஆள் வாய் திறந்து ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் வழி உண்டு என்றாய்.

வழியை நீ பொங்கல் விழாவில் கண்டுபிடித்தாய். ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பின்னால்தான் நிற்க வேண்டும். நான் அசலூர்க்காரி என்பதால் அதற்கும் பின்னால், ஒரு பைக்கின் மேல் சாய்ந்து நின்றேன். விளையாட்டுப் போட்டிகளைப் பற்றிப் பேச்சு வந்ததும் நீ குரல் கொடுத்தாய்.

"வருசா வருசம் இசை நாற்காலி. சேரச் சுத்திச் சுத்தி எங்களுக்குத் தலையே சுத்துது. இந்த வருசம் கணவாய்ப் போட்டி வைங்க. தூண்டிலே புடிக்காத பொம்பளைங்களுக்கு."

"படகுல ஏறுவீங்களாக்கும்?" என்றார் ஒரு பெரியவர்.

"உறியடிக்குப் பானை எடுக்குறீங்க. அதுலயா சோறாக்குறீங்க? அன்னிக்கு அது வெளையாட்டுச் சாமான். அது மாதிரி அந்த ஒரு நாளு படகும் வெளையாட்டுச் சாமான்."

கூட்டம் கசகசத்தது. ஆளுக்கொன்று சொன்னார்கள். உன் அம்மா இருந்திருந்தால் இப்படி வளர்த்திருப்பாளா என்றுகூட ஒருவன் கேட்டான். கடைசியில் முன்வரிசையிலிருந்த ஓர் இளவட்டம் எழுந்து, "இதுக வாந்தி எடுக்குறதப் பாக்க நான் டிக்கெட் எடுத்துக்கூட வருவேன். வைங்கய்யா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே அனுமதி கிடைத்தது. நம்மைக் கேலி செய்கிற ஆசையில் கொடுத்த அனுமதி எனக்கு வேண்டாம் என்று நான் குதித்தேன். "ஒனக்கு வேணாம்னா நீ கரையில நில்லு. எனக்குப் பத்து வேணும்" என்றாய். நான் வாயை மூடிக்கொண்டு பெயர் கொடுத்தேன்.

எஞ்சின் கூடாது, துடுப்பு மட்டும். கரையிலிருந்து ஆள் அடையாளம் தெரிகிற தூரத்தைத் தாண்டக் கூடாது. ஒரு மணி நேரம். யார் கூடையில் எண்ணிக்கை அதிகமோ அவர்களுக்கு எவர்சில்வர் அண்டா. உன் அண்ணன் படகில் நீயும் நானும். துடுப்புக்கு உன் தாய்மாமன் மகன் முருகேசு. இன்னொரு படகில் நம்மோடு கணவாய் பிரிக்கிற பாத்திமாவும் செல்வியும். அவர்களுக்குத் துடுப்புப் போடச் செல்வியின் தம்பி. நான்கு பேரும் கன்னித் தூண்டில்காரிகள். ஊருக்கு அது வேடிக்கை. கரையில் காலி டிரேயைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த உன் அப்பாவுக்கும், உனக்கும், எனக்கும் மட்டும்தான் பத்து என்ற கணக்கு தெரியும்.

காணும் பொங்கலன்று விடிகிற நேரம். வாடைக்காற்று அடங்கிக் கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. நீ படகில் கால் வைத்தபோது கரையில் பேச்சு ஒரு நொடி நின்றது, நானும் கவனித்தேன். நீ கவனித்த மாதிரி தெரியவில்லை. பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, "முருகேசு, போ" என்றாய், ஷேர் ஆட்டோக்காரரிடம் சொல்வது போல.

தூண்டில் என்றால் நான் எங்கள் ஊர்க் கண்மாயில் புழுவைக் கோத்துப் போடுகிற முள்ளைத்தான் பார்த்திருந்தேன். இது இறால் மாதிரி செய்த ஒரு பிளாஸ்டிக் பொம்மை. வாலில் குடைக்கம்பி விரித்தாற்போல் ஊசிகள். கயிற்றில் கட்டி இறக்கி, தரையைத் தொட்டதும் கொஞ்சம் தூக்கி, தூக்கித் தூக்கி விட வேண்டும். நான் இரண்டு தடவை தூக்கினேன். மூன்றாவது தடவை வயிற்றிலிருந்ததுதான் மேலே வந்தது.

"முந்திரி ஒரம் போட்டாச்சு. இனிமே கடல்ல நல்லா வெளையும்" என்றான் முருகேசு.

கரையில் அந்த இளவட்டம் விசிலடிப்பது கேட்டது. எனக்கு வந்த கோபத்தில் வாந்தியே நின்றுவிட்டது. அப்போதுதான் நீ கத்தினாய்.

"கனக்குது! ஏய், கனக்குதுடி!"

"சுண்டாத!" முருகேசு துடுப்பைப் போட்டுவிட்டான். "அத்த மவளே, சுண்டுனா காலு மட்டுந்தான் வரும். தொய்ய விடாம இழு. இழு, இழு, நிறுத்தாத!"

கை மாற்றிக் கை மாற்றி இழுத்தாய். அது தண்ணீருக்கு மேலே வந்தபோது நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். நமக்குத் தெரிந்த கணவாய் வெள்ளையாக, வழவழவென்று, ஐஸில் விறைத்துக் கிடக்கும். இதுவோ கண்ணாடி. கண்ணாடிக்குள் செம்புள்ளிகள் விரிந்தன, சுருங்கின, பழுப்பாயின, மறுபடி காணாமல் போயின. "கலரு மாறுதுடி! இது கலரு மாறுது!" என்று முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாய். அது உன் மூக்கிலிருந்து தாடைவரை மையைப் பீய்ச்சியடித்தது. அந்தக் கறுத்த முகத்தோடு நீ சிரித்த சிரிப்பு கரைவரை கேட்டிருக்கும். எத்தனை ஆயிரம் கணவாயை நம் கை தொட்டிருக்கும். அன்றைக்குத்தான் ஒரு கணவாயைப் பார்த்தோம்.

முதலாவது பெரியது, முன்னால் வைத்திருந்த கூடையில் போட்டாய். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வந்தது. ஊசியிலிருந்து கழற்றினாய். உன் கை ஒரு கணம் நின்றது. அப்புறம் விசுக்கென்று இடது தோளுக்கு மேல் போனது. பின்னால் கடலில் 'தொளக்' என்று ஒரு சத்தம்.

முருகேசு வாயைப் பிளந்தான். "என்னா பண்ணுன நீ?"

நீ உன் கையைப் பார்த்தாய், யாருடைய கையோ என்பது போல.

"பொடிடி முந்திரி" என்றாய் பலவீனமாக.

"பொடியும் கணக்குலதான் வரும்! எண்ணிக்கைடி! எடை இல்ல!"

"தெரியும்! எனக்குத் தெரியும், கைக்குத் தெரியல!"

அடுத்ததும் பொடி. அதுவும் போனது. அதற்கடுத்ததைக் கழற்றும்போதே "போடாத, போடாத, போடாத" என்று நீயே சொல்லிக்கொண்டிருந்தாய். சொல்லச் சொல்லக் கை தூக்கி எறிந்தது. முருகேசு படகின் அடியில் விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே உன் அப்பா உட்கார்ந்திருக்கிறார். இங்கே உன் கை, சூப்பர்வைசர் பழக்கிய கை, நீ பிடித்ததைப் பிடிக்கப் பிடிக்கக் கடலுக்கே கொடுத்துக்கொண்டிருக்கிறது. கம்பெனி நம் நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது என்று நினைத்திருந்தேன். கையையும் எடுத்து வைத்துக்கொண்டது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"திரும்பி ஒக்காரு!" என்று கத்தினேன். "ஒன் எடது தோளு எம் பக்கம் இருக்கட்டும்."

படகு ஆட ஆட இடம் மாறி உட்கார்ந்தோம். அதற்கப்புறம் பொடி வந்தபோதெல்லாம் அது என் மடியில் வந்து விழுந்தது. ஒன்று என் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. நான் அலறிக்கொண்டே பிய்த்து என் கூடையில் போட்டேன். உன் கூடை உன் முன்னால், என் கை எட்டாத தூரத்தில் இருந்தது. எனக்கும் இரண்டு மாட்டின. இரண்டும் முழங்கை நீளம். எனக்கு முன்னால் என் குடும்பத்தில் யாரும் கடல் தண்ணீரில் கால் நனைத்ததுகூட இல்லை என்று அப்போது நினைத்தேன். உடனே கரையில் விசில் ஊதிவிட்டார்கள்.

கரையில் மைக் பிடித்திருந்தவர் கூடை கூடையாக எண்ணினார். செல்விக்கு ஐந்து. பாத்திமாவுக்கு எட்டு. எனக்கு ஆறு. உனக்கு ஏழு.

உன் அப்பா எழுந்து வேட்டியிலிருந்த மணலைத் தட்டினார். "ஏழு" என்று உன்னிடம் மட்டும் சொன்னார். திரும்பி நடக்கத் தொடங்கினார். நீ மை காய்ந்த முகத்தோடு கூடையைப் பார்த்துக்கொண்டே நின்றாய். நீ பேசாமல் நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்னால் தாங்க முடியவில்லை.

"எங் கூடையில நாலு அவளோடது!" என்று கத்தினேன்.

"தோத்தவங்க எல்லாரும் இப்புடித்தான் சொல்லுவாங்க" என்றார் எண்ணியவர் மைக்கிலேயே.

"எனக்கு அண்டா வேணாம்யா, அத பாத்திமாவுக்கே குடுங்க. இவ புடிச்சது பதினொண்ணு. அத மட்டும் சொல்லுங்க."

உன் அப்பா நின்றார். "ஒங் கூடைக்கு அவ கணவாய் எப்புடி ஆத்தா வந்துச்சு?"

நான் சொன்னேன். கேட்கக் கேட்கக் கூட்டம் சிரித்தது. "நெசந்தான் மாமா, மூணு கடலுக்கே போயிருச்சு" என்று முருகேசு சாட்சி சொன்னான். அவன் வாயிலிருந்து எதுவும் வேடிக்கையாகத்தான் வரும் என்பதால் இன்னும் சிரித்தார்கள். அப்போது பாத்திமா மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நீங்களுமா?"

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது.

"நான் நாலு போட்டேன் கடல்ல. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"எனக்கு அஞ்சு போச்சு!" என்றாள் செல்வி. "எந் தம்பி இன்னும் திட்டிக்கிட்டு இருக்கான்!"

உன் அப்பா திரும்பி வந்தார். என் கூடைக்கு வந்து குனிந்து, சின்னதாக ஒரு கணவாயை எடுத்தார். செல்வியிடம் போய், "இதப் புடி" என்று சட்டென்று அவள் கையில் வைத்தார். செல்வியின் கை நின்றது. தோளுக்கு மேல் போனது. பின்னால் நின்ற தலைவரின் வெள்ளைச் சட்டையில், நெஞ்சுக்கு நேராகக் கணவாய் அறைந்து, மை வழிந்தது.

அப்புறம் அந்தக் கரை சிரித்தது பார், அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை. கொட்டகைப் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்தார்கள். "எம் மேலயே ஏம்மா?" என்று தலைவர் கேட்டது மைக்கில் விழுந்து ஊர் முழுவதும் கேட்டது. உன் அப்பா சிரிக்கவில்லை. மணலில் விழுந்ததை எடுத்து அலையில் அலசி உன் கூடையில் போட்டார். என் கூடையிலிருந்து சின்னதாக இன்னும் மூன்றை எடுத்து ஒவ்வொன்றாக உன் கூடையில் வைத்தார்.

"பதினொண்ணு" என்றார். "பேசுவோம்."

பேசவில்லை. மூன்று நாள் உன் வீட்டில் அவர் சாப்பிட்டார், தூங்கினார், அதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் கட்டுமாவடிக்காரர் படகைப் பார்க்க வந்தார். அன்று நான் லீவு போட்டுவிட்டு உங்கள் ஊருக்கு வந்திருந்தேன். கரையில் படகு இல்லை. கழுத்தளவு தண்ணீரில் அதை நங்கூரம் போட்டு நிறுத்தி, அதில் நீ உட்கார்ந்திருந்தாய், மதியச் சோற்றுத் தூக்குவாளியோடு.

"ஏங்க, பொண்ணு உள்ள இருக்கே?" என்றார் வந்தவர்.

"எறங்கி வா!" என்று உன் அப்பா கத்தினார்.

"பேசுவோம்னு சொன்னீங்க! இன்னும் பேசல!"

"எறங்கி வா, பேசுறேன்!"

"அங்கேருந்தே பேசுங்க, நல்லாக் கேக்குது!"

வந்தவர் நல்ல மனுஷன். "நீங்க பேசிட்டுச் சொல்லுங்க, எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டார். உன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த முழங்காலோடு தண்ணீரில் இறங்கினார். நீ நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு அவர் இருக்கும் இடத்துக்குப் படகைக் கொண்டுவந்தாய். கரையிலிருந்து ஓடிவந்த முருகேசு கீழேயிருந்து தூக்கிவிட, நீ அவரை இழுத்து ஏற்றினாய். நீங்கள் இருவரும் படகில் என்ன பேசினீர்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. பிறகு கேட்டதற்கு, "விக்க மாட்டேன்னாரு. ஆனா எம் மவன் படகு, பாத்து ஓட்டுன்னாரு" என்றாய். அந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லும்போது உன் குரல் கொஞ்சம் இறங்கியது. அதற்கப்புறம் நீ வாரத்தில் நான்கு நாள் கடலுக்குப் போனாய், கணவாய் கொண்டுவந்தாய், தொழில் என்ற இடத்தில் 'மீன்பிடித்தல்' என்று எழுதி மீனவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தாய். விண்ணப்பம் குறுக்கே அடிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. வீட்டிலும் உன் அப்பா வாயில் அது 'மவன் படகு'தான். "ஒரு தடவ மாத்திச் சொல்ல வப்பேன் பாரு" என்று என்னிடம் சவால் விட்டாய்.

ஐப்பசி மழையில் கடலுக்குப் போக முடியாத நாட்களில் மறுபடி கம்பெனிக்கு வந்தாய். கம்பெனிக்குக் கூட்டிப்போக, மீன் டிரே ஏற்றும் வண்டியில் டிரேக்களை இறக்கிவிட்டு நம்மை ஏற்றுவார்கள். பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இருக்காது. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், நான் வரவில்லை. ஈர ரோட்டில் வளைவில் அது கவிழ்ந்தது. மற்றவர்களுக்கு அடி. உனக்கு மட்டும் அவ்வளவுதான். பேப்பரில் கூலிப் பெண் பலி என்று போட்டார்கள். கடலுக்குப் போகாதே, ஆபத்து என்று ஒன்பது மாதம் உன்னை மிரட்டின ஊர் அது. கடல் உன்னை ஒன்றும் செய்யவில்லை. மறு வாரம் நாங்கள் யாரும் அந்த வண்டியில் ஏறவில்லை. நான்கு நாள் ரோட்டோரம் நின்றோம். ஐந்தாம் நாள் கம்பெனி எங்களுக்குப் பஸ் அனுப்பியது. நான்கு நாளில் வரத் தெரிந்த பஸ் முன்பே ஏன் வரவில்லை என்று சூப்பர்வைசரின் முகத்துக்கு நேராகக் கேட்டேன். அவன் வருகைப் பதிவேட்டைப் புரட்டினான்.

அடுத்து வந்த பொங்கலுக்கு ஊரில் விளையாட்டு எதுவும் நடக்கவில்லை. மாசியில் ஒரு லீவு நாளில் நானும் பாத்திமாவும் உன் வீட்டு வாசலில் போய் நின்று, படகை எடுத்துப் போகட்டுமா என்று கேட்டோம். உன் அப்பா உள்ளே போய்த் துடுப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது வாரத்தில் இரண்டு நாள் போகிறோம். எனக்கு வாந்தி வருவதில்லை. உன் அண்ணன் போனில் இரண்டு தடவை விற்கச் சொன்னாராம். இவர் வேறு பேச்சுப் பேசி வைத்துவிட்டாராம்.

போன மாதம் நானும் அந்த அட்டைக்கு மீன்வளத்துறை அலுவலகத்துக்கு விண்ணப்பம் கொண்டுபோனேன். யாராவது படகு உள்ளவர் சொல்ல வேண்டும் என்பதால் உன் அப்பாவும் பஸ்ஸில் கூட வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மீன்பிடித்தல்னு போட்டிருக்கு. வீட்டுக்காரர் தொழிலா?"

"என் தொழில்."

"சொந்த ஊரு கந்தர்வக்கோட்டப் பக்கம்னு இருக்கு. அங்க ஏதும்மா கடலு?"

"அதனாலதான் இங்க வந்தேன்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. பேனாவை மூடினார். "இந்தப் பொண்ணு கடலுக்குப் போகுதுன்னு யாரு சொல்றது?"

"நான் சொல்றேங்க" என்றார் உன் அப்பா. "எம் மக படகுலதான் போகுது."

அவர் என்னையும் உன் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இது ஒங்க மகளா?"

"இல்லைங்க. படகுதான் எம் மகளோடது."

அவர் பேனாவைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டார். அட்டை வருமா, உன்னுடையது மாதிரி அடித்துத் திரும்புமா, தெரியாது. திரும்பினால் மறுபடி கொண்டுபோவேன். படி இறங்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "இத அவ இருக்கும்போது சொல்லியிருக்கலாம்லப்பா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்த முழங்காலை ஒவ்வொரு படியாக இறக்கினார். கீழே வந்துதான் பதில் சொன்னார்.

"சொல்லியிருக்கணும் ஆத்தா."

நீ ஜெயித்துவிட்டாய். அதை உன்னிடம் சொல்ல ஓடிவரலாம் என்றால் ஆள் இல்லை. ஒரு மாதமாக அந்தப் பேச்சை நான் சுமந்துகொண்டு திரிகிறேன். பஸ்ஸில், கொட்டகையில், தண்ணீரின் மேல். உன் காதில் விழுந்திருக்க வேண்டியது என் காதில் விழுந்துவிட்டது. இறக்கி வைக்க இடம் தெரியாமல்தான் இதை எழுதினேன். நாளைக் காலையில் காற்று இருக்காது என்று முருகேசு சொல்கிறான். நானும் பாத்திமாவும் போகிறோம். யாருடைய படகு என்று கரையில் யாராவது கேட்டால், உன் பெயரைச் சொல்வேன், மைக் தேவைப்படாத குரலில்.